ஆணா பெண்ணா எண்டு பார்க்கப் பாம்பின் வாலை நசுக்காதீங்க

கல்லடியான் · கல்லடி · வெள்ளி இரவு 9.10

ரெண்டு மூணு நாளா நம்மட பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில ஒரு வீடியோ சுத்துது. வட்டைக்குள்ள, வயல்வெளியில, பிடிச்ச சாரை ஒண்டைப் பொடியன்மார் ரெண்டு பேர் தூக்கி வச்சு, வாலின் அடியைப் பெருவிரலால நசுக்குறாங்க. சிவப்பா ரெண்டு முனை வெளியில வந்ததும் ஒருத்தன் "பாம்புக்குக் கால்!" எண்டு கத்துறான். மற்றவன் "கால் இல்லடா, இது ஆண்" எண்டு சொல்றான். அவன் சொன்னது சரி. ஆனா ரெண்டு பேரும் செஞ்சது சரியில்ல. அதுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குறன்.

நான் வளைகுடா நாடொண்டில ஒன்பது வருசம் செல்லப்பிராணிக் கடையில வேலை செஞ்சவன். ஊர்வன பகுதி முழுக்க என்ட பொறுப்பு. கோர்ன் ஸ்னேக், றோயல் பைதன் (சின்ன மலைப்பாம்பு வகை), கிங் ஸ்னேக் எண்டு வீட்டில வளர்க்கிற பாம்பு நூற்றுக்கணக்கில என்ட கையால போயிருக்கு. வாங்க வாற ஆக்கள் முதல்ல கேட்கிறதே "இது ஆணா பெண்ணா?" எண்டுதான்.

ஆண் பாம்புக்கு உறுப்பு ரெண்டு. கழிவுத்துவாரத்துக்குப் பின்னால, வாலுக்குள்ள, கையுறையின்ட விரலை உட்பக்கமாத் தள்ளி வச்ச மாதிரி ரெண்டும் மடிஞ்சு கிடக்கும். சேரும்போது ஏதாவது ஒண்டுதான் வெளியில புரளும். அடிபட்டோ நெருப்பில சுட்டோ செத்த பாம்புக்கு ரெண்டும் வெளியில தள்ளி நிற்கும். அதைக் கண்டவங்கதான் "பாம்புக்குக் கால் இரிக்கி" எண்டு சத்தியம் பண்றாங்க.

குஞ்சு பொரிச்ச கொஞ்ச நாளைக்குள்ள, பழகின கையால, வாலடியை மெல்ல உருட்டி அந்த உறுப்பை வெளியில கொண்டு வரலாம். பண்ணைக்காரர் செய்வாங்க. வளர்ந்த பாம்புக்கு அது சரிவராது. தசை இறுகிப் போயிருக்கும். பலம் போட்டு அழுத்தினா உள்ளுக்கு இரத்தம் கட்டும், முள்ளெலும்பும் பாதிக்கப்படலாம்.

இதில எல்லாரும் விடுற பிழை ஒண்டு இரிக்கி. அழுத்தினேன், ஒண்டும் வரல்ல, ஆகவே பெண் எண்டு முடிவு கட்டுறது. உறுப்பு வெளியில வந்தா ஆண்தான், அதில சந்தேகம் இல்ல. வராட்டி அது பெண்ணாகவும் இருக்கலாம், இறுக்கிப் பிடிச்சுக்கொண்டிருக்கிற ஆணாகவும் இருக்கலாம். எங்கட கடையில பெண் எண்டு வித்துப்போட்டுப் பிறகு ஆண் எண்டு திரும்பி வந்ததெல்லாம் இந்த வழியில வந்ததுதான்.

காக்கா_அக்கரை · அக்கரைப்பற்று · வெள்ளி இரவு 9.52

நல்ல பதிவு தம்பி. ஒரு கேள்வி. எங்கட உம்மா செல்லுவா, சாரைதான் ஆண், நாகம்தான் அதுக்குப் பெண், ரெண்டும் பிணையிற நேரம் வெள்ளைச் சீலையை மேல போட்டு எடுத்து வச்சா செல்வம் எண்டு. போன சிறுபோகம் அறுவடைக்குக் கொஞ்சம் முந்தி எங்கட வாய்க்கால் கட்டில ரெண்டு பாம்பு ஆளுயரத்துக்கு எழும்பி முறுகி முறுகி விழுந்து எழும்பிச்சு. நானே கண்ணால பார்த்தன். அரை மணித்தியாலத்துக்கு மேல. அது சாரையும் நாகமும் இல்லையா அப்ப?

கல்லடியான் · வெள்ளி இரவு 10.20

காக்கா, நீங்க கண்டது ரெண்டும் சாரை, ரெண்டும் ஆண். மல்லுக்கட்டு அது. பெண்ணுக்காக ஆண் சாரைகள் கடிக்காம, ஒண்டின்ட தலையை மற்றது நிலத்தில அமத்தப் பார்க்கும். அதுக்குத்தான் அந்த முறுக்கும் எழும்புறதும். உண்மையா இணையிற நேரம் பெண் பெரும்பாலும் நிலத்தோட கிடக்கும். ஆண் அதன் முதுகு வழியா நீண்டு கிடந்து வாலை மட்டும் சுத்தும். பார்க்க அமைதியா இரிக்கும், அதால ஒருத்தர் கண்ணிலயும் படுறதில்ல.

சாரையில ஆணும் உண்டு பெண்ணும் உண்டு. நாகத்திலயும் அப்படித்தான். ரெண்டும் கிட்டின சொந்தம்கூட இல்ல. சாரையைக் கண்டா நாகம் பிடிச்சு விழுங்கும்.

இது கதைதானே எண்டு விட ஏலாது. "சாரை, ஆகவே ஆண்" எண்டு நம்பி அடிக்காம விட்டவங்களும் இரிக்காங்க, "நாகத்தைக் கூட்டிக்கொண்டு வரும்" எண்டு பயந்து அடிச்சவங்களும் இரிக்காங்க. வட்டைக்குள்ள எலி தின்கிற உயிர் அது.

பேத்தி_படுவான்கரை · கொக்கட்டிச்சோலைப் பக்கம் · சனி காலை 6.40

என்ட அம்மப்பா விசகடி வைத்தியர். கடிச்ச பாம்பு ஆணா பெண்ணா எண்டு கேட்டுத்தான் மருந்து சொல்லுவார். எப்படித் தெரியும் எண்டு கேட்டா, வால் நீளமா ஒரே சீரா இறங்கினா ஆண், சட்டெண்டு கூம்பினா பெண் எண்டுவார். அது சரியா அண்ணா?

ஆனா நான் எழுத வந்தது வேற விசயம். என்ட தம்பி கனடாவில இரிக்கான். ரெண்டு வருசமா கோர்ன் ஸ்னேக் ஒண்டு வளர்க்கிறான். கடையில ஆண் எண்டு சொல்லித்தான் குடுத்தாங்களாம். பெயர் ராசா. ஒரு மாசமா வயிறு வீங்கிச்சு எண்டு, தீனி கூடிப்போச்சு எண்டு நினைச்சுப் பட்டினி போட்டிருக்கான். நேற்று இரவு பெட்டிக்குள்ள பதினொரு முட்டை. அவன்ட வீட்டில வேற பாம்பே இல்ல. அவனுக்குக் கை கால் ஓடல்ல. வால் பக்கம் இன்னும் ரெண்டு கட்டி தெரியுது எண்டு படம் அனுப்பியிருக்கான். என்ன செய்யிற?

மாட்டு_டொக்டர் · செங்கலடி · சனி காலை 7.15

தங்கச்சி, முதலில் இதை வாசியுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

முட்டையிடத் தொடங்கிய கோர்ன் ஸ்னேக் ஒரே மூச்சில், அநேகமாக ஒரு நாளுக்குள், எல்லாவற்றையும் இட்டு முடித்துவிடும். இடைவெளி விழுந்து இரண்டு கட்டிகள் அப்படியே நின்றால் அது முட்டை அடைபட்டிருப்பதாக இருக்கலாம். தம்பி அதை வெளியிலிருந்து பிதுக்கக் கூடாது. முட்டைக்குழாய் கிழிந்தால் பாம்பு சாகும். ஈரமான பாசி போட்ட மூடிய சிறு பெட்டி ஒன்றை உள்ளே வைக்கச் சொல்லுங்கள், நுழையத் துவாரம் வெட்டி. வழமையான சூடு இருக்கட்டும், தொந்தரவு வேண்டாம். நாளைக்குள் வராவிட்டால் ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியரிடம் கொண்டுபோகட்டும். அங்கே அப்படியானவர்கள் இருக்கிறார்கள். பட்டினி போட்ட விசயத்தையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், உடம்பு பலவீனப்பட்டதும் அடைபடுவதற்கு ஒரு காரணம்.

ஆண் இல்லாமல் முட்டை வந்தது அதிசயமில்லை. வீட்டுக் கோழி சேவல் இல்லாமல் இடுகிறதுதானே. அவை கருக்கட்டாத முட்டை, மஞ்சள் படிந்து சப்பையாகக் கிடக்கும்.

நான் பேராதனையில் படித்தவன். இங்கே என்னிடம் வருவது மாடு, ஆடு, கோழி, நாய். பாம்பைப் படிப்பில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஆகவே கை வேலை பற்றிக் கல்லடியான் சொல்வதைக் கேளுங்கள்.

பேத்தி_படுவான்கரை · சனி காலை 7.31

சரி டொக்டர். அனுப்பிட்டன். அவனுக்கு இப்ப இரவு, இன்னும் நித்திரை கொள்ளல்ல.

கல்லடியான் · சனி காலை 8.05

தங்கச்சி, டொக்டர் சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்ல. தம்பி கவலைப்படாம இருக்கட்டும், நேரத்துக்குக் கண்டுட்டான்.

அம்மப்பா சொன்ன வால் கணக்கு பொய்யில்ல. ஆணுக்கு அந்த ரெண்டு உறுப்பும் உள்ளுக்குக் கிடக்கிறதால கழிவுத்துவாரத்துக்குக் கீழ கொஞ்சத் தூரம் தடிப்பு குறையாமப் போய், பிறகுதான் மெலியும். வாலும் நீளம். பெண்ணுக்கு அந்த இடத்தில சட்டெண்டு ஒடுங்கும். வாலடிச் செதிலும் கனக்கப் பாம்பில ஆணுக்குக் கூட. ஒரே இனத்தில, ஒரே வயசில, ரெண்டைப் பக்கத்தில பக்கத்தில வச்சுப் பார்த்தா நல்லாத் தெரியும். ஒண்டை மட்டும் தூக்கி வச்சுப் பார்த்தா எனக்கே பிழைக்கும். கொழுத்த பெண் ஆண் மாதிரித் தெரியும். வால் நுனி அறுந்ததெண்டா கணக்கே இல்ல.

கம்பி வச்சுப் பார்க்கிறதுதான் வளர்ந்த பாம்புக்கு எல்லாரும் நம்புற வழி. மழுங்கின, பந்து போல முனையுள்ள துருப்பிடிக்காத கம்பி. அதைக் கிருமிநீக்கி, வழுக்கு மருந்து பூசி, கழிவுத்துவாரத்தின் ஓரத்தால வால் நுனிப் பக்கம் பார்த்து மெல்லத் திருப்பித் திருப்பி விடவேணும். தள்ளக் கூடாது. கம்பி தன்ட பாரத்தில போற அளவுக்குத்தான். நிண்ட இடத்தில விரலால அடையாளம் வச்சு, வெளியில எடுத்து, வாலின் கீழ்ப் பக்கத்தில எத்தினை செதில் வரைக்கும் போச்சு எண்டு எண்ண வேணும். கோர்ன் ஸ்னேக்கும் றோயல் பைதனும் பெண்ணெண்டா ரெண்டு, மூணு, மிஞ்சினா நாலு செதில். ஆணெண்டா அநேகமா எட்டுக்கு மேல. ஆனா எல்லா இனத்துக்கும் ஒரே கணக்கு இல்ல. சில மலைப்பாம்பு வகையில ரெண்டுக்கும் இடைவெளி சின்னன். இனத்தின் கணக்குத் தெரியாம கம்பியை எடுக்கவே கூடாது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இரிக்கி. கடையில முதல் வருசம். றோயல் பைதன் குட்டி, தொண்ணூறு கிராம் இருக்கும். பெட்டியில இருந்த கம்பிகளில சரியான அளவு கிடைக்கல்ல, மெல்லிசானதை எடுத்தன். மூணு செதிலில தட்டுப்பட்டிச்சு. பாம்பு இறுக்குது எண்டு நினைச்சு ஒரு சின்னத் தள்ளுத் தள்ளினன். வழுக்கிக்கொண்டு ஒன்பது செதில் போச்சு. ஆண் எண்டு எழுதி ஒட்டினன். நாலாம் நாள் வாலடி தடிச்சிச்சு, பிறகு கறுத்திச்சு. அது பெண். நான் சுவரைக் குத்திக்கொண்டு போயிருக்கன். ரெண்டு கிழமையில செத்திட்டுது. அந்தத் தட்டுப்பட்ட இடம் இன்னும் என்ட விரலில இரிக்கி.

ஆகவே தட்டுப்பட்டா நிப்பாட்டுங்க. "தெரியாது" எண்டு எழுதி ஒட்டுறதில ஒரு குறையும் இல்ல.

மட்டுநகர்_லண்டன் · லண்டன், ஊர் களுவாஞ்சிக்குடி · சனி பகல் 1.44

வணக்கம். பன்னிரண்டு வருடமாக றோயல் பைதன் வளர்க்கிறேன், குஞ்சும் பொரிக்க வைக்கிறேன். கல்லடியான் சொன்னதில் பெரும்பாலும் உடன்பாடு, ஆனால் ஒரு இடத்தில் இல்லை. குஞ்சின் வாலடியை உருட்டிப் பார்ப்பதை நீங்கள் பயங்கரமான விசயம் போல எழுதியிருக்கிறீர்கள். பழகிய கைக்கு அது கம்பியை விடப் பாதுகாப்பு. முட்டையை விட்டு வந்து முதல் சட்டை கழற்றுவதற்குள் நான் எல்லாவற்றையும் பார்த்து எழுதி விடுவேன். பெண் குஞ்சிலும் ஒண்டும் வராது என்பது சரியில்லை. நன்றாக விரித்தால் இரண்டு சிறிய சிவப்புப் புள்ளி தெரியும், அது வாசனைச் சுரப்பியின் வாய். அதைக் கண்ணால் கண்டால் பெண் என்று எழுதலாம்.

இன்னொன்று. மலைப்பாம்புக்குக் கழிவுத்துவாரத்தின் இரண்டு பக்கமும் நகம் மாதிரி முள் இருக்கும். ஆணுக்குப் பெரிது, வளைந்தது. அது கைக்கே தெரியும்.

கல்லடியான் · சனி பின்னேரம் 4.30

அண்ணை, முதல் விசயத்தில நீங்க சொல்றது சரி. நான் வீடியோப் பொடியன்மாரை மனசில வச்சு எழுதினதில, பழகின ஆக்களையும் சேர்த்து அடிச்சிட்டன். அந்தச் சிவப்புப் புள்ளியைப் பார்த்து எழுதுறவங்க "ஒண்டும் வரல்ல, ஆகவே பெண்" எண்டு எழுதுறதில்ல. அதுதான் வித்தியாசம். நானும் கடையில கடைசிக் காலத்தில அப்படித்தான் பார்த்தன்.

முள் விசயத்தில விட்டுக்குடுக்க மாட்டன். அது ரெண்டு பாலுக்கும் இரிக்கி. பின்னங்காலின் மிச்சம் அது. "பாம்பின் கால் பாம்பறியும்" எண்டு நம்மட ஆக்கள் சொன்னதுக்கு, மலைப்பாம்பில உண்மையாவே கால் எலும்பின் அடையாளம் உள்ளுக்குக் கிடக்கு. ஆணுக்குப் பெரிசா இருக்கிறது பொதுவா உண்மை. ஆனா தேயும், உடையும், சில பெண்ணுக்குப் பெரிசா வளரும். நீங்க ஒரே இனத்தைப் பன்னிரண்டு வருசம் பார்த்த கை. புதுசா வாங்கிற ஆளுக்கு அதைச் சொல்லிக்குடுத்தா மூண்டில ஒண்டைப் பிழையா எழுதுவார்.

மட்டுநகர்_லண்டன் · சனி பின்னேரம் 5.02

அது நியாயம். எனக்குமே இரண்டு தரம் முள் ஏமாற்றியிருக்கிறது. முள்ளைப் பார்த்துச் சந்தேகப்படலாம், முடிவெடுக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம்.

வெல்லாவெளிப்_பொடியன் · சனி இரவு 8.18

நான் அம்மாட்டச் சொல்லாம ஒரு வெங்கணாந்திக் குட்டியை (மலைப்பாம்புக் குட்டி) ரெண்டு கிழமையா ட்றம்முக்குள்ள வச்சிரிக்கன். குளத்துப் பக்கம் பிடிச்சது. முள் சின்னனா இரிக்கி. பெண்ணோ? ஒரு சோடி சேர்த்தாக் குட்டி விக்கலாமா?

மாட்டு_டொக்டர் · சனி இரவு 8.40

தம்பி, முதலில் சட்டத்தைச் சொல்லுகிறேன். வெங்கணாந்தி பாதுகாக்கப்பட்ட உயிர். 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாம் குற்றம். உம்மைப் பயமுறுத்த எழுதவில்லை, உமக்கு வழக்கு வரக்கூடாது என்று எழுதுகிறேன். நாளைக்கே பெரியவர் ஒருவரோடு போய் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியும். எங்கே பிடித்தீர் என்பதையும் சரியாகச் சொல்லும், அந்த இடத்துக்குக் கிட்டவே விடுவதுதான் அதுக்கு நல்லது.

வாலையோ முள்ளையோ தொட்டுப் பார்க்க வேண்டாம். இரண்டு கிழமை தின்னாமல் இருக்கிறதா?

வெல்லாவெளிப்_பொடியன் · சனி இரவு 8.47

ஓம் டொக்டர். தவக்கை போட்டன், தொடல்ல.

கல்லடியான் · சனி இரவு 8.55

மனே, அந்தக் குட்டிக்குத் தவக்கை பிடிக்காதது உன்ட பிழை இல்ல. ட்றம்முக்குள்ள ஒளிக்க இடமில்லாட்டி மலைப்பாம்பு தின்னாது. காலைல திணைக்களத்துக்குப் போகுமட்டும் ஒரு சாக்கை உள்ளுக்குப் போட்டு மூடி வை, காத்துப் போகவேணும். மாமா மார் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போ. பாம்பு பற்றிப் படிக்க ஆசையெண்டா இஞ்ச கேள், நான் சொல்லித்தாறன்.

காக்கா_அக்கரை · ஞாயிறு காலை 7.05

டொக்டர் ஐயா, ஒரு சந்தேகம். வாவியில இரிக்கிற முதலைக்கு முட்டை கிடக்கிற மண்ணின் சூட்டைப் பொறுத்து ஆண் பெண் மாறும் எண்டு படிச்சிரிக்கன். ஆமைக்கும் அப்படித்தானாம். பாம்புக்கும் அப்படியா? அப்படியெண்டா பொரிக்கிற சூட்டைக் கேட்டே ஆணா பெண்ணா எண்டு சொல்லலாமே.

மாட்டு_டொக்டர் · ஞாயிறு காலை 9.30

நல்ல கேள்வி காக்கா. முதலைக்கும் கடலாமைக்கும் நீங்கள் சொன்னது சரி. பாம்புக்கு அப்படியில்லை, அதுக்கு நிறமூர்த்தம்தான் (குரோமோசோம்) தீர்மானிக்கிறது. கோழிக்குப் போலவே சாரை, நாகம், புடையன் எல்லாவற்றிலும் வேறுபட்ட சோடி நிறமூர்த்தம் பெண்ணிடம் இருக்கிறது. நீண்டகாலம் எல்லாப் பாம்புக்கும் இதுதான் என்று நினைத்திருந்தார்கள். 2017இல் போவா என்ற பாம்பு வகை ஒன்றிலும் ஒரு மலைப்பாம்பிலும் பார்த்தபோது அங்கே மனிதருக்குப் போல ஆணிடம்தான் வேறுபட்ட சோடி இருப்பது தெரியவந்தது. இதனால்தான் இப்போது சில நாடுகளில், கழற்றிய சட்டையிலிருந்தே மரபணுச் சோதனை செய்து பாலைச் சொல்ல முடிகிறது. பாம்பைத் தொடவே தேவையில்லை. பெரிய பாம்பென்றால் அல்ட்ராசவுண்டிலும் பார்க்கலாம்.

உங்கள் வளவிலேயே இன்னொரு அதிசயம் கிடக்கும். பூச்சாடி மண்ணைக் கொட்டினால் மண்புழு போலக் கறுப்பாய் மினுங்கிக்கொண்டு ஒன்று நெளியும். காதுக்குள் போகும் என்று பயப்படுவார்களே, செவிப்பாம்பு என்று. அந்த இனத்தில் ஆணே இல்லை. எல்லாம் பெண். தனியே முட்டையிட்டுத் தன்னைப் போலவே பெண்ணைப் பெறும். சாடியோடு சாடியாக உலகம் முழுவதும் பரவியதும் அதனால்தான், ஒன்று போனாலே போதும்.

மற்றப் பாம்புகளிலும் அபூர்வமாக இது நடக்கிறது. அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆண் பக்கம் போகாத றோயல் பைதன் ஒன்று 2020இல் ஏழு முட்டை இட்டது. ஆகவே தங்கச்சியின் தம்பி அந்தப் பதினொன்றையும் எறியமுதல் ஒரு லைற்றில் பிடித்துப் பார்க்கட்டும், உள்ளே சிவப்பு நரம்பு ஓடுகிறதா என்று.

பேத்தி_படுவான்கரை · ஞாயிறு இரவு 10.12

லைற்றில பார்த்தானாம். எல்லாம் மஞ்சள், நரம்பு ஒண்டும் இல்ல. மற்ற ரெண்டும் இன்னும் வரல்ல. அங்க விடியத்தான் வைத்தியரிட்டக் கொண்டு போறான்.

அண்ணா, அவன் ஒண்டு கேட்கச் சொன்னான். இதை முந்தியே தெரிஞ்சுகொள்ள வழி இருந்திச்சா? அவன்ட மனசு ஆறுதில்ல.

கல்லடியான் · ஞாயிறு இரவு 10.40

இருந்திச்சு, ஆனா அது அவன்ட குற்றமில்ல தங்கச்சி. கடையில எழுதிக்குடுத்த ஒட்டை நம்புறது எல்லாரும் செய்யிறதுதான்.

அடுத்தவங்களுக்காக எழுதுறன். சட்டை கழற்றினா எறிய வேணாம். ஈரமா இரிக்கிற நேரமே வால் பக்கத்தைத் தண்ணியில மெல்ல விரிச்சு, வெளிச்சத்தில பிடிச்சுக் கழிவுத்துவாரத்துக்குக் கீழ பாருங்க. ஆணெண்டா சில நேரம் ரெண்டு சின்னப் பை மாதிரி உட்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். மெழுகுத் துண்டு போலக் காய்ஞ்ச வெளிர்மஞ்சள் அடைப்பு ரெண்டு பெட்டியடியில விழுந்து கிடக்கும், அதுவும் ஆணிட அடையாளம். ஒரு தரம் கண்டாலே போதும். காணாட்டி அதை வச்சு ஒண்டும் சொல்லாதீங்க. திரும்பவும் அதே கதைதான்.

பெண் எண்டு தெரியாம வளர்த்தாலும், பாம்பே சொல்லும். பின் பாதி தடிக்கும், தீனியை விடும், சூடான மூலையில புரண்டு கிடக்கும், ஒரு தரம் சட்டை கழற்றும், அதுக்குப் பிறகு பத்து நாள் அளவில முட்டை. கொழுத்த பாம்பு வயிறு முழுக்கத் தடிக்கும், முட்டைக்காரிக்குப் பின் பாதியில கட்டி கட்டியாத் தெரியும். பட்டினி போட முதல் தராசில வைங்க, கிழமைக்கொருக்கா எழுதி வைங்க.

வெல்லாவெளிப்_பொடியன் · திங்கள் பகல் 12.20

மாமாவோட போய்க் குடுத்திட்டன். ஏசல்ல. பிடிச்ச இடத்தைக் கேட்டு எழுதினாங்க. ஆணா பெண்ணா எண்டு கேட்டன், வால் அமைப்பைப் பார்த்து "பெண்ணாக இருக்கலாம், நிச்சயமில்ல" எண்டு சொன்னார் அந்த ஐயா.

கல்லடியான் · திங்கள் பகல் 12.45

நல்ல வேலை செஞ்சாய் மனே. அந்த ஐயா சொன்னது போலத்தான் நானும் சொல்லியிருப்பன்.

பேத்தி_படுவான்கரை · புதன் காலை 6.15

எல்லாருக்கும் நன்றி. திங்கள் அங்கத்தைய பகல் கொண்டு போனான். ஒரு முட்டை கீழ இறங்கி நிண்டது, அதுக்குள்ள இருந்ததை ஊசியால உறிஞ்சிச் சுருங்க வச்சு எடுத்தாங்களாம். மற்றது அடுத்த நாள் தானா வந்திட்டுது, பாசிப் பெட்டிக்குள்ள. முட்டையோட பாரம் போனதுக்குப் பிறகு 410 கிராம். வைத்தியர் சின்னச் சின்னத் தீனியா, கிட்டக் கிட்டக் குடுக்கச் சொல்லியிரிக்கார்.

இண்டைக்கு விடியப்புறம் வீடியோ அனுப்பினான். மயிர் முளைக்காத எலிக்குஞ்சு ஒண்டு, முதல் தரமே பிடிச்சு விழுங்கிட்டுது.